அறையில் பூட்டி வைக்காதீர்கள்

வணக்கம். மலேசியாவில் பினாங்கின் பாடாங் கோத்தா கடற்சுவரில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்திலிருந்து வழக்கமாகச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசுவேன். இன்று அதற்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை இரவு பிறையிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். "என் தம்பி பதினைந்து வருடமாகக் குடிக்கிறான். நேற்று அம்மாவும் நானும் அவனை அறையில் போட்டுப் பூட்டிவிட்டோம். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறான். எத்தனை நாளில் சரியாகும்?"

படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் மாமாவையும் இப்படித்தான் பூட்டினார்கள். தோட்டத்து வீடு, சம்சு என்ற மலிவுச் சாராயப் பழக்கம். மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. குடித்த பாவம் என்றார்கள். குடியைத் திடீரென்று நிறுத்தியதாலும் ஒருவர் சாகலாம் என்று எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று.

நாள்தோறும் நிறையக் குடிப்பவரின் மூளையை மது அமுக்கிக்கொண்டே இருக்கிறது. மூளையும் அதை எதிர்த்து வேகத்தைக் கூட்டி ஓடப் பழகிவிடுகிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் ஏறினால் அது உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் டயஸெபாம் போன்ற மருந்தும் வைட்டமின் பி1-உம் கொடுத்துச் சில நாட்களில் பாதுகாப்பாகக் குடியிலிருந்து விடுவிக்கிறார்கள். மன உறுதியைச் சோதிக்கிற நேரம் அது இல்லை. அக்காவுக்கு ஒரே வரிதான் எழுதினேன்: கதவைத் திறந்து, இப்போதே 999-ஐக் கூப்பிடுங்கள்.

ஆகவே உதவி தேடும் முன் வீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அவர் எடுத்துக்கொள்வது எது? "போதைப்பித்தர்" என்று பத்திரிகை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. வைத்தியம் அப்படி முடிவதில்லை. ஹெராயின் என்றால் அதற்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்து இருக்கிறது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் அது. பல அரசாங்கக் கிளினிக்குகளில் கொடுக்கிறார்கள். சிரப் போன்ற மருந்து, பொதுவாக ஊழியர் கண்ணெதிரே தினமும் குடிக்க வேண்டும். காலையில் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சியாபு எனப்படும் மெத்தம்ஃபெட்டமினுக்கு மெத்தடோன் உதவாது. அதற்கென்று நிரூபணமான மருந்து இன்னும் வரவில்லை. ஆலோசனையும் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரும்தான் வழி. இன்று இங்கே அதிகம் புழங்குவதும் சியாபுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இணையத்தில் தமிழில் தேடினால் சென்னை, கோயம்புத்தூர் இல்லங்கள் வருகின்றன. ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்கா வருகிறது. மலாயில் "ராவாத்தான் கெத்தாகிஹான்" (rawatan ketagihan, அடிமைத்தனச் சிகிச்சை) என்று தேடுங்கள், நம் ஊர்க் கதவுகள் தெரியும். ஏஏடிகே (AADK) எனப்படும் அரசாங்கத்தின் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம் இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அடிமைத்தன ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நம் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் கெத்தும் (கிராத்தோம்) என்ற போதை தரும் இலையைப் பற்றி உலகமே கவனிக்கும் ஆய்வுகளைச் செய்கிறது. மனம் உடைந்து யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

அம்மாக்கள் என்னிடம் கேட்பது வேறு. "போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா?" அந்தப் பயம் நியாயமானது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவு, போதைப்பொருளைத் தானே உட்கொள்வதற்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கிறது. 1983ஆம் ஆண்டு வந்த இன்னொரு சட்டம் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் உரியது. அதன் 8ஆம் பிரிவின்படி ஒருவர் தாமாகவே போய்ச் சிகிச்சை கேட்கலாம். 2024இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி, சட்டத்தின் போதைப்பொருள் பட்டியலில் இல்லாத, மனத்தைப் பாதிக்கும் பிற பொருள்களையும் அதற்குள் கொண்டுவந்தது. பிடிபட்ட பிறகு போவதும் தாமாகப் போவதும் ஒன்றல்ல. பையன் "சரி, போகலாம்" என்று தலையாட்டுகிற அந்த ஒரு நாளைத் தவறவிடாதீர்கள்.

தனியார் இல்லங்களில் மிகவும் கவனம் வேண்டும். என் பெரியப்பா மகனை ஓர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 800 வெள்ளி. மூன்று மாதம் ஒரு டாக்டரைக்கூட அவன் பார்க்கவில்லை, முதுகில் தழும்போடு திரும்பி வந்தான். பதிவு இருக்கிறதா என்று ஏஏடிகேவிடம் கேட்காமல் சேர்த்தது எங்கள் தவறு. மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், குடும்பத்தார் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பள்ளியிலும் கோயிலிலும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அழுகிய ஈரல் படங்களைக் காட்டுகிறோம், திருந்தியவரை மேடையேற்றி அழ வைக்கிறோம். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் புதுப்பித்த தடுப்புத் தரநிலைகளைப் படியுங்கள். பயமுறுத்துவதும் அனுபவ சாட்சியும் பிள்ளைகளைத் தடுப்பதாகச் சான்று இல்லை. பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பில் பயிற்சி கொடுப்பது பலன் தருகிறது. அந்தப் பணத்தை அதற்குச் செலவழிக்கலாமே!

நம்மவர்கள் இதில் வாய் மூடி இருந்தவர்களும் அல்லர். 1947இல் கெடா பீடோங் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் தொண்டர் படையாகத் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சுவுக்கு எதிராகப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. ஆனால் இன்று ஒரு தாய் தமிழில் படித்து விளங்கிக்கொள்ள, இந்த நாட்டுச் சட்டத்தையும் கிளினிக்கையும் சொல்லும் ஒரு சிறு புத்தகம்கூட என் கைக்குக் கிடைக்கவில்லை. இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் என்ற குடிப்பழக்கச் சோதனையைத் தமிழில் வாசித்துக் காட்டும் காணொலி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். மொத்தம் 40 புள்ளி. 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். ஒரு டாக்டர் சரிபார்த்த பிறகே வெளியிடுவேன்.

அந்தத் தம்பி இப்போது வார்டில் இருக்கிறார். நேற்று அக்கா போன் செய்தார். "டாக்டர் எவ்வளவு குடிப்பான் என்று கேட்கிறார். வெட்கமாக இருக்கிறது தம்பி, கொஞ்சம் குறைத்துச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் அக்கா, அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள், ஒரு பாட்டில்கூடக் குறைக்காமல் சொல்லுங்கள் என்றேன்.