எரியும் டேங்கை விட்டு இறங்காத 21 வயது அதிகாரி

[காட்சி: விடியற்காலை, மைதானத்தில் ஓடும் இளைஞர்கள்]

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆர்மி செலக்‌ஷனுக்காக இருட்டோடு எழுந்து ஓடுகிற தம்பி தங்கைகளே, இந்த வீடியோ உங்களுக்காகத்தான். 1971 டிசம்பர் 16 என்றால் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதே நாளில் மேற்கு எல்லையில், பசந்தர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எரிகிற டேங்குக்குள் உட்கார்ந்து ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால்.

1950இல் புனேயில் பிறந்தவர், அப்பாவும் ராணுவ அதிகாரி. 1971 ஜூனில்தான் பூனா ஹார்ஸ் என்ற டேங்க் படைப்பிரிவில் சேர்ந்தார். ஆறு மாத சர்வீஸ், அவ்வளவுதான்.

[காட்சி: பசந்தர் வரைபடம்]

டிசம்பர் 15 இரவு நம் இன்ஜினியர் படை கண்ணிவெடிகளை அகற்றி டேங்குகளுக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தது. வேலை முழுசாக முடியவில்லை, அதற்குள் எதிரி டேங்க் நடமாட்டம் தெரியவும், மீதி கண்ணிவெடிகளுக்கு நடுவிலேயே பூனா ஹார்ஸ் டேங்குகளை விட்டது. எப்போது படித்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

மறுநாள் ஜர்பால் என்ற இடத்தில் எதிரி டேங்குகள் பெரும்பலத்தோடு வர, பூனா ஹார்ஸின் இன்னொரு பிரிவான பி ஸ்குவாட்ரன் உதவி கேட்டது. அருண் விரைந்தார். வழியிலிருந்த எதிரி நிலைகள் மேலேயே டேங்கை ஏற்றி, ஆட்களைத் துப்பாக்கி முனையில் பிடித்து, தன் டேங்க் கமாண்டர் ஒருவர் அங்கேயே இறந்தபோதும் நிற்காமல் போனார். அப்புறம் நடந்த சண்டையில் 10 எதிரி டேங்குகள் அழிந்தன, அதில் 4 அருண் அடித்தவை என்கிறது, அவருக்குக் கிடைத்த நாட்டின் உயரிய போர் வீர விருதான பரம்வீர் சக்ராவின் விருதுக் குறிப்பு.

அவருடைய டேங்க் தீப்பிடித்தது. இறங்கிவிடு என்று வயர்லெஸில் உத்தரவு வந்தது. "முடியாது சார், டேங்கை விட மாட்டேன், என் பீரங்கி இன்னும் வேலை செய்யுது" என்றார்.

சிலர் இதை இளரத்தத்தின் முரட்டுத்தனம் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அவர் விலகினால் எதிரி அந்த வழியாக உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவான், அது தெரிந்துதான் நின்றார், விருதுக் குறிப்பிலேயே இது இருக்கிறது. கடைசியாக அவர் அடித்த டேங்க் 100 மீட்டர் தூரத்தில் நின்றது, அதாவது நீங்கள் ஒரே மூச்சில் ஓடிவிடுகிற தூரம். அடுத்த குண்டில் அருண் இறந்தார். ஆனால் எதிரியால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

2001இல் அவருடைய அப்பா, பூர்வீக ஊரைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்த பாகிஸ்தான் ராணுவ அதிகாரி பிரிகேடியர் நாசர், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தார் என்று அவரிடமே சொல்லி, அருணின் வீரத்துக்குத் தலைவணங்கினார்.

புனே அருகே, ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) பரேட் மைதானத்துக்கு இன்று அருண் பெயர்தான். நம் பக்கம் பலருக்கும் ஜவான் செலக்‌ஷன் மட்டும்தான் தெரிகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே என்டிஏ தேர்வு எழுதலாம், வருஷத்துக்கு இரண்டு முறை யுபிஎஸ்சி நடத்துகிறது, இப்போது பெண்களும் எழுதலாம்.