கோயில் கவுன் கடை எல்லாப் பொம்பிளைகளுக்குமான கடையாக மாறலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். நீளமாக எழுதியிருக்கிறார், நான் சுருக்கிச் சொல்கிறேன்.

அம்மா காலத்திலிருந்தே அவர்கள் கலியாணக் கவுன் தைத்துக் கொடுக்கிறார்கள், வாடகைக்கும் விடுகிறார்கள். கோயிலில் கலியாணம் கட்டும் கத்தோலிக்கப் பிள்ளைகளும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பிள்ளைகளும்தான் வழமையாக வருபவர்கள். எல்லாமே வெள்ளை. இப்போது வருகிற ஆட்கள் மாறிவிட்டார்களாம். கூறை கட்டுகிற பிள்ளை ரிசப்ஷனுக்கு மெரூன் கவுன் கேட்கிறாளாம், முஸ்லிம் பிள்ளை முழுக்கை கேட்கிறாளாம், கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வருகிறவள் தன் அம்மம்மாவின் சேலைக் கரையை வைத்துத் தைக்கச் சொல்கிறாளாம். "ஆனால் எங்கள் பிராண்டை எல்லாரும் கோயில் கவுன் என்றுதான் நினைக்கிறார்கள். பெயரையும் போர்டையும் மாற்றிப் புதிதாக வரலாமா? அப்படி வந்தால் பழைய ஆட்கள் போய்விடுவார்களா அக்கா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, போர்டைக் கடைசியாகப் பார்ப்போம். மாற்றம் தொடங்க வேண்டிய இடம் அளவு எடுக்கிற அறை. இப்போது ஒரு பிள்ளை உள்ளே வந்ததும் என்ன கேட்கிறீர்கள்? "எந்த மொடல் வேணும்?" என்றுதானே. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "அன்றைக்கு உங்களுக்கு என்னென்ன நடக்கப் போகுது?" என்று கேளுங்கள். கலியாண நாள் முழுக்க அந்தப் பிள்ளை எங்கே இருப்பாள், எங்கே நிற்பாள், யார் அவள் கழுத்தில் என்ன கட்டுவார்கள், எதன் மேல் உட்காருவாள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கவுன். இதைச் செய்யாமல் போர்டில் எத்தனை நிறம் போட்டாலும், உள்ளே அதே பழைய கவுன்தான் தொங்கும்.

நான் கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற வேலையில் இருப்பவள் என்பதால் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் கோயிலில் தாலியும் கட்டுகிறார்கள். வெளிநாட்டு மொடலைப் பார்த்துத் தைத்த கவுனில் தாலியை எங்கே வைப்பது? பின் கழுத்தில் 'வெயில்', அதாவது தலையிலிருந்து தொங்குகிற மெல்லிய முக்காட்டுத் துணி, விழுந்து கிடக்கும், மாப்பிள்ளை முடிச்சுப் போடத் தடுமாறுவார், பிறகு தாலி லேஸுக்குள் போய் மறைந்துவிடும். கழுத்து வெட்டை இரண்டு விரல் இறக்கி, வெயிலை ஒரு பக்கம் ஒதுக்கக் கொக்கி வைத்தால் போதும். இந்துப் பிள்ளை ரிசப்ஷனுக்குக் கவுன் போடும்போது தாலிக்கொடியைக் கழற்ற மாட்டாள், கழற்றச் சொல்லவும் கூடாது. அந்தக் கனமான கொடி நெட்டில் மாட்டி இழுத்தால் வேலைப்பாடு எல்லாம் கிழிந்துபோகும். அவளுக்கு மார்புப் பகுதியில் நெட் வேண்டாம், வழுக்கிப் போகிற சட்டின் வையுங்கள்.

முஸ்லிம் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. கையில்லாத கவுனுக்குள் உடம்போடு ஒட்டுகிற ஒரு வெள்ளை உள்சட்டையை (ஸ்கின்னி) போட்டுக் கொடுத்து, "இது உங்களுக்கும் சரி" என்று அனுப்புகிற கடைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை தன் கலியாண நாளில் யாருக்கோ தைத்ததை ஒட்டுப்போட்டு உடுக்கிறாள். முழுக்கை, மூடிய கழுத்து, தலையை மூடுகிற துணி எல்லாம் முதல் கீறலிலிருந்தே கவுனோடு சேர்ந்து வர வேண்டும். இன்னொன்று, நிறையக் குடும்பங்கள் பொம்பிளையின் படத்தை முகநூலில் போட விடமாட்டார்கள். கவுனைக் கொடுத்த கடை அந்தப் படத்தைக் கேட்டுத் தொந்தரவு செய்யவும் கூடாது. கவுனைப் பொம்மையில் போட்டுப் படம் எடுங்கள், கையின் வேலைப்பாட்டை மட்டும் கிட்ட வைத்து எடுங்கள். "எங்களிடம் வந்தால் உங்கள் படம் வெளியே போகாது" என்று தெரிந்தாலே ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லும்.

பறங்கிப் பிள்ளைகளை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கஃப்ரிஞ்ஞா ஆட்டப் பாட்டுத் தொடங்கினால் அவர்கள் ஆடாமல் இருக்கமாட்டார்கள், கவுனின் வாலைத் தூக்கிக் கொளுவ இடுப்பில் கொக்கி வேண்டும் என்பது உங்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்கும். இப்படி ஒவ்வொரு கலியாணத்தையும் தெரிந்து வைத்திருப்பதுதான் உங்கள் பலம். கொழும்புக் கடையிடம் பணம் இருக்கலாம், பாலையூற்றில் வளர்ந்த கண் இல்லை.

அடுத்தது நிறம். மெரூன், சிவப்பு பற்றி நீங்கள் கேட்டீர்கள். நான் அதற்கு முன்னால் தோலின் நிறத்தைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். லேஸுக்கு அடியில் வைக்கிற 'ஸ்கின் கலர்' துணி இருக்கிறதே, கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வெளிர் பீச் நிறம். அது ஐரோப்பியத் தோலை நினைத்துச் செய்தது. எங்கள் பிள்ளைகளின் தோளில் அதை வைத்தால் சாம்பல் பூசின மாதிரி நிற்கும். பிறகு என்ன நடக்கிறது? கவுனை மாற்ற முடியாது என்று பிள்ளையின் முகத்தையும் கையையும் வெளுப்பாக்கச் சொல்லி எங்களிடம் வருகிறார்கள். ஒரு பிள்ளை தன் கலியாணத்தன்று தன் நிறத்தை மறைத்துக்கொண்டு நிற்பதைப் போல மனம் நோகிற விஷயம் எனக்கு வேறில்லை. மண்ணிறத்தில் மூன்று நான்கு வகை உள்துணி எடுத்து வையுங்கள், நிறம் போட்டு எடுக்கவும் முடியும். பளீர் வெள்ளையோடு தந்த வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் ஏறிய வெள்ளை எல்லாவற்றிலும் ஒரு முழத்துண்டு வைத்திருங்கள். வாசலில் பகல் வெளிச்சத்தில் தோளில் போட்டுக் காட்டுங்கள், டியூப் லைட்டின் கீழ் வேண்டாம். ஒரு கடை தன்னை மாற்றிக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

வெள்ளைதான் பாரம்பரியம் என்று பெரியவர்கள் சொன்னால், விக்டோரியா ராணியின் கதையைச் சொல்லுங்கள். 1840 பெப்ரவரியில் அவர் வெள்ளை உடுத்திக் கலியாணம் செய்த பிறகுதான் அந்த வழக்கம் பெரிதாகப் பரவியது. அதற்கு முன் அங்கேயும் கையில் உள்ள நல்ல உடுப்பை, எந்த நிறமானாலும், உடுத்தினார்கள். அந்த ராணி தன் கவுனுக்கு டெவன் பகுதிப் பெண்கள் கையால் பின்னிய லேஸைத்தான் எடுத்தார், அந்த ஊர்த் தொழிலுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று. எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. இடுப்புப் பட்டிக்கும் மேல் பாவாடைக்கும் அந்தத் துணியை எடுத்துப் பார்க்கலாம். இந்து அம்மாமாருக்கு வெள்ளை என்றால் மனம் ஒப்பாது, அந்தக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அங்கே வாதாடாதீர்கள், மெரூனையும் மயில் பச்சையையும் எடுத்துக் காட்டுங்கள்.

தன்னை வெளிப்படுத்த விரும்புகிற பிள்ளைகள் என்று வரும்போது, 2018 டிசம்பரில் ஜோத்பூரில் நடந்த பிரியங்கா சோப்ராவின் கலியாணம் நினைவிருக்கும். கிறிஸ்தவ முறைக்கு ரால்ஃப் லாரன் கவுன், இந்து முறைக்குச் சப்யசாச்சியின் சிவப்பு லெஹங்கா. எல்லாரும் 75 அடி வெயிலைத்தான் பேசினார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் கவுனில் பெற்றோரின் பெயர்களையும் "ஓம் நமசிவாய" என்பதையும் நூலால் தைத்திருந்தார்கள், மாமியாரின் கலியாணக் கவுன் லேஸில் ஒரு துண்டும் இருந்தது. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. உங்கள் கனடாப் பிள்ளைக்கும் இதைச் செய்யலாம். ஆனால் அம்மம்மாவின் சேலையில் கத்தரி வைக்காதீர்கள். கரையை மடித்துக் கையால் நூலோடிப் பொருத்துங்கள், கலியாணம் முடியப் பிரித்துக் கொடுங்கள். வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்புவெளிக் கடற்கரையில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நீள வெயில் கொடுக்காதீர்கள். தோளோடு நிற்கிறது போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாரையும் சேர்க்கிறேன் என்று கண்டிப் பொம்பிளையின் நெற்றிப்பட்டத்தைக் கவுனுக்கு அலங்காரமாக ஒட்டாதீர்கள். அது ஒரு முழு உடுப்பின் பகுதி. சிங்களப் பிள்ளை கலியாணத்துக்கு ஒசரி என்கிற கண்டிச் சேலையை உடுத்துவிட்டு, பிறகு மாப்பிள்ளை வீட்டார் வைக்கிற ஹோம்கமிங் விருந்துக்குத்தான் உங்களிடம் வருவாள், அதற்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.

இப்போது காசுக் கணக்கு, ஏனென்றால் உங்களுடையது வாடகைக் கடை. வெள்ளைக் கவுன் திரும்பத் திரும்பப் போகும். மயில் பச்சைக் கவுன் ஒரு தரம் போய் அலுமாரியில் கிடக்கலாம். அதனால் உடல் பகுதியை வெள்ளையிலும் தந்த வெள்ளையிலுமே வைத்துக்கொண்டு, கழற்றி மாட்டுகிற கை, மேல் பாவாடை, பட்டி, வெயில் ஆகியவற்றை நிறத்தில் தையுங்கள். முழு நிறக் கவுனை ஓடர் வந்தால் மட்டும் தையுங்கள். மருதாணிக் கறையும் குங்குமமும் சட்டினில் போகாது, முற்பணத்தில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் கோயில் கலியாணம் குறைவு, உங்கள் கடை சும்மா இருக்கும், இல்லையா? ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கலியாணம் இல்லை, நோன்பு மாதத்தில் முஸ்லிம் கலியாணம் குறைவு, அந்த மாதமும் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். நான்கு வகையான ஆட்கள் வந்தால் ஒருவருக்குக் கலியாணமில்லாத மாதத்தில் இன்னொருவர் வருவார். தையல் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்கலாம்.

பழைய ஆட்கள் போவார்களா என்று கேட்டீர்கள். கோயில் கவுனை நீங்கள் கைவிட்டால் போவார்கள். அதைக் கண்ணாடிக்குள் நடுவிலேயே வையுங்கள், பக்கத்தில் முழுக்கைக் கவுன் ஒன்று, மெரூன் பாவாடை கட்டியது ஒன்று. பெயரை மாற்றவே வேண்டாம், அம்மா சம்பாதித்த பெயர் அது. போர்டில் இருக்கிற வெள்ளைத் தோல் பெண்ணின் படத்தை மட்டும் கழற்றிவிட்டு, சம்மதம் தருகிற உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் படத்தைப் போடுங்கள். அதற்கு முன்னால் அந்த உள்துணியை வாங்குங்கள் தங்கச்சி.