குழாய்க்குள் ஒரு காந்தத் தூரிகை

நேயர்களுக்கு வணக்கம். பாலாற்று மணலில் காந்தத்தைப் புரட்டி எடுத்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய பேர் இருப்பீர்கள். கருமணல் காந்தத்தில் முள் முள்ளாகச் சிலிர்த்து நிற்கும். விரல் பட்டால் வளையும், எடுத்தால் மறுபடி நிமிரும். காந்தத்தால் உலோகத்துக்கு மெருகேற்றும் வேலை முழுக்க அந்த முட்களை நம்பித்தான் நடக்கிறது.

ராணிப்பேட்டை, காட்பாடிப் பட்டறைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வெளிப்புறத்துக்கு எமரி பேப்பர் இருக்கிறது, பஃபிங் சக்கரம் இருக்கிறது. விரல்கூட நுழையாத குழாயின் உட்புறத்துக்கு என்ன செய்வது? பால் ஓடும் குழாயில் கீறல் இருந்தால் பாலாடை அதில் படியும், கிருமி தங்கும். அதனால்தான் பால் படும் பரப்பில் சராசரி மேடுபள்ளம் 0.8 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான், பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயைக் கடைசல் இயந்திரமான லேத்தின் சக்கில், அதாவது சுழலும் பிடியில் பிடியுங்கள். உள்ளே சில கிராம் தூள் போடுங்கள். எடையில் மூன்று பங்கு இரும்புத் தூள், ஒரு பங்கு அலுமினியம் ஆக்சைடு சாணைத்தூள், பிசுபிசுக்கும் அளவுக்கு மட்டும் எண்ணெய். இரும்புத் துகள் சாணைத் துகளைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். பிடித்து அழுத்துவது இரும்பு, அறுப்பது சாணைத்தூள். வெளியே எதிரெதிராக நியோடிமியம் காந்தங்களை வைத்துக் குழாயைச் சுற்றவிட்டு, காந்தங்களை மெதுவாக நீளவாட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். உள்ளே தூள் கருமணல் போல முள் முள்ளாக நிமிர்ந்து, தூரிகையாகச் சுவரை உரசும். பால் குழாய்க்கான 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் பெரிதாக இழுக்காது, அதனால் காந்தப்புலம் சுவரைக் கடந்து உள்ளே போகிறது. சாதாரண இரும்புக் குழாயென்றால் சுவரே புலத்தை விழுங்கிக்கொள்ளும்.

கலங்களுக்கு மெருகேற்ற இந்த வழியில் ஹாரி கோட்ஸ் என்பவர் 1940லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு சோவியத் நாட்டிலும் ஜப்பானிலும் வளர்த்தெடுத்தார்கள்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இடைவெளியைப் பற்றி. காந்தத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கலாம். கூடினால் பிடிப்பு மளமளவென்று குறைந்து முட்கள் துவண்டுவிடும். கோணலான குழாய் சுற்றும்போது அந்த இடைவெளி ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல் என்று வந்தால் தூளைக் குறை சொல்ல வேண்டாம், முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள்.

அடுத்தது வேகம். வேகம் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று பலர் நம்புகிறார்கள். தூள் காந்தத்தின் எதிரே நிற்க, குழாய் மட்டும் சுற்றினால்தான் உரசல் இருக்கும். வேகம் மிஞ்சினால் தூள் குழாயோடு சேர்ந்து சுற்றிவிடும், பிறகு மணிக்கணக்கில் ஓட்டினாலும் மெருகு ஏறாது. மறுபடியும் சொல்கிறேன்: தூள் நிற்க வேண்டும், குழாய் சுற்ற வேண்டும்.

ஆழமான கோடு, பள்ளம் இருந்தால் இதை நம்பாதீர்கள். முள் வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மேட்டைத் தேய்க்குமே தவிர, கோணலை நிமிர்த்தாது. முன்வேலை ஒழுங்காக இருந்தால் 0.5 மைக்ரான் பரப்பை 0.05க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். சாணைத்தூளின் முனை மழுங்கும், உலோகப் பொடியும் கலக்கும். அதனால் நடுவே தூளை மாற்றுங்கள், கடைசிச் சுற்றுக்கு நைசான தூள் போடுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. கழுவுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் துருப்புள்ளி கிளம்பும். காந்தத்தை எடுத்துவிட்டுத் தூளைக் கொட்டுங்கள். சோப்பும் வெந்நீரும் ஊற்றி பிரஷ் விடுங்கள். வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டாமல் வரும்வரை இழுங்கள். அதன்பிறகு சிட்ரிக் அமிலக் கழுவல். நன்றி, வணக்கம்.