தேய்மானத்துக்கு ஒரு டச்சு வினை

வணக்கம் நேயர்களே. செருப்பு தேய்கிறது, சைக்கிள் டயர் தேய்கிறது, பழைய வீட்டில் வாசற்படி தேய்கிறது. டச்சு மொழியில் இதற்கெல்லாம் ஒரே வினை: ஸ்லெய்ட்டன். கைதவறி உடைந்த கண்ணாடிக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் இது பொருந்தாது. பயன்பாடும் வேண்டும், காலமும் வேண்டும்.

படிக்கிறவர்கள் சறுக்குவது இறந்தகாலத்தில். ‘ஸ்லெய்ட்டெ’ என்று விகுதியை ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு வடிவமே கிடையாது. ஒருமைக்கு ஸ்லேட், பன்மைக்கு ஸ்லேட்டன், ‘தேய்ந்த’ என்பதற்கு ஹெஸ்லேட்டன். நமக்குத் தேய்ந்தது, தேய்த்தது என்று வினையே மாறும். அங்கே வினை அப்படியே நிற்கும், துணைவினை மாறும்: தானாகத் தேய்ந்தால் ஸெய்ன், ஒருவர் தேய்த்துத் தீர்த்தால் ஹெபன்.

முன்னால் ‘ஃபர்’ வந்தால் தேய்மானம் முடிவுக்கு வந்துவிட்டது என்று பொருள். மெக்கானிக் டயரைப் பார்த்து ஹெஸ்லேட்டன் என்றால் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம். ஃபர்ஸ்லேட்டன் என்றால் பர்ஸை எடுக்க வேண்டியதுதான். முழங்கால் தேய்மானத்துக்கும் ஃபர்ஸ்லேட்டன்தான். ஒரு சங்கம் பத்தே ஆண்டில் ஐந்து தலைவர்களை ‘ஃபர்ஸ்லேட்டன்’ செய்தது என்று கிண்டலாகவும் சொல்வார்கள்.

இனி எனக்குப் பிடித்த இடம். நெதர்லாந்துக் கடைத்தெருவில் ‘ஸ்லெய்ட்டரெய்’ என்று பலகை தொங்கும். தேய்மானக் கடையா? இல்லை, மதுக்கடை! இதே வினைக்குச் சில்லறையாக விற்றுத் தள்ளுவது என்றும் பொருள் உண்டு. பீரும் ஒயினும் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஜெனீவர், விஸ்கி போன்ற கடுஞ்சரக்குக்கு இந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். தேய்வதும் விற்பதும் எப்படி ஒன்றாயின என்கிறீர்களா? சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதே, அதுவும் தேய்வுதான் என்று நான் பார்க்கிறேன். டச்சுக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை இது. இதன் உறவுச்சொல்லான ஜெர்மன் ‘ஃபெர்ஷ்லைஸ்’ பொதுவாகத் தேய்மானம்; ஆஸ்திரியாவில் அதுவே சில்லறை விற்பனையும்கூட.

நேரம் முடியப் போகிறது என்று சைகை வருகிறது. துக்கமும் நாளடைவில் ‘ஸ்லெய்ட்’ ஆகும், முதுமையில் நாளைக் கழிப்பதும் ஸ்லெய்ட்டன்தான். இவற்றை விரிக்க இப்போது வழியில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒருவரை முட்டாள் என்று தவறாக நினைப்பதற்கும் ஃபர்ஸ்லெய்ட்டன் வரும், ஆனால் ‘ஃபோர்’ என்ற சொல்லோடு. அந்த ஃபோரை விட்டால், அவரைத் தேய்த்தே தீர்த்துவிட்டதாக ஆகிவிடும்.