கடிதம் போன தூரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நற்செய்தி எழுச்சி என்ற கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கத்தை வளர்த்த ஆயர்களிடம், அதாவது திருச்சபைப் போதகர்களிடம், விஞ்சி நிற்பது வாழ்வா, எழுத்தா என்பது கேள்வி. எழுத்தே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஐயா யார்க்ஷயரின் ஹாவொர்த் ஊர் ஆயர் வில்லியம் கிரிம்ஷாவைப் பற்றிப் பேசினார். காய்ச்சல் கண்டவர்களைத் தேடிப் போய், அதே காய்ச்சலில் 1763-இல் இறந்தவர். கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஐயா, கிரிம்ஷா இறந்து 36 ஆண்டுகள் கழித்து, 1799-இல், ஜான் நியூட்டன் என்ற இன்னொரு ஆயர் அவர் வாழ்க்கையைக் கடிதங்களாக எழுதி வெளியிட்டார். அப்படி எழுதி வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தியாகம் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தைத் தாண்டி இந்த மேடைக்கு வந்திருக்குமா?

அந்த நியூட்டனையே எடுத்துக்கொள்வோம். 1748-இல் கடும்புயலில் இறைவனை நோக்கிக் கதறியவர். அதோடு திருந்திவிட்டாரா? இல்லை. அதன் பிறகுதான் அடிமைக் கப்பலின் தலைவரானார். 1754 வரை மனிதர்களைச் சங்கிலியில் பூட்டிக் கடல் கடத்தினார். வாழ்வை மட்டும் வைத்து எடைபோட்டால் இந்த ஆண்டுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? 1788-இல் அவரே பேனா எடுத்தார். தன் கண்ணால் கண்ட கொடுமைகளை ஒவ்வொன்றாக எழுதி, அந்தத் தொழிலில் தானும் ஒரு கருவியாக இருந்ததை நினைத்து நெஞ்சம் நடுங்குவதாக ஒப்புக்கொண்டார். வாழ்வு செய்த பிழைக்கு எழுத்துதான் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது.

நியூட்டன் ஓல்னி என்ற ஊரில் ஆயராக இருந்தபோது பக்கத்துச் சேகரத்தில், அதாவது பக்கத்துத் திருச்சபை வட்டாரத்தில், உதவி ஆயராக இருந்தவர் தாமஸ் ஸ்காட். நியூட்டனின் போதனையை இகழ்ந்தவர். தான் எட்டிப்பாராத தன் சேகரத்து நோயாளிகளை நியூட்டன் போய்ப் பார்த்தார் என்று அறிந்து வெட்கப்பட்டார். எதிரணியினர் இதைப் பிடித்துக்கொள்வார்கள்; கொள்ளட்டும், உண்மைதான். ஆனால் வெட்கம் அவர் கொள்கையை மாற்றவில்லை. 1775-இல் வாதுக்கு இழுத்துக் கடிதம் எழுதினார். நியூட்டன் வாதிட மறுத்து, அன்போடும் பொறுமையோடும் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். ஸ்காட் உடனே இணங்கவில்லை. தனியே அமர்ந்து வேதத்தையும் நூல்களையும் ஆராய்ந்து ஆராய்ந்து, ஒவ்வொரு படியாக நியூட்டனின் நம்பிக்கைக்கே வந்து சேர்ந்தார். 1779-இல் அந்தப் பயணத்தை நூலாகவும் எழுதினார்.

அந்த நூலைச் சிறுவயதிலேயே கையில் வைத்திருந்தவர் ஜான் ஹென்றி நியூமன். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போய்க் கர்தினாலான அதே நியூமன். சபை மாறிய பிறகும், மனித முறையில் சொன்னால் தன் ஆன்மாவுக்காக ஏறத்தாழ ஸ்காட்டுக்கே கடன்பட்டிருப்பதாக எழுதினார். நியூட்டன் 1807-இல் இறந்தபோது நியூமனுக்கு ஆறு வயதுதான்; ஆனாலும் நியூட்டனின் கடிதம் தொடங்கி வைத்தது ஸ்காட்டின் நூல் வழியே நியூமனை எட்டியது.

நடுவர் அவர்களே, எழுத்து ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன இந்தச் சங்கிலியை மனத்தில் வைத்துத் தீர்ப்பை எங்கள் பக்கம் தர வேண்டுகிறேன். நன்றி.