கலர் டி.வி. இல்லாத ஊருக்கு வந்த கலர் பேன்ட் விளம்பரம்

[திரையில்: கறுப்புப் பின்னணி. தாளம் மட்டும் கேட்குது.]

ஒரு படிக்கட்டு. மேல இருந்து ஒரு பேன்ட் இறங்கி வருது. பேன்ட் போட்ட ஆள் இல்ல, பேன்ட் மட்டும். இடுப்புக்கு மேல ஒண்ணும் கிடையாது, கீழ பாதமும் கிடையாது. அதுக்குப் பின்னால இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. எல்லாம் வந்து வரிசையா நின்னதும் கடைசி பேன்ட் மட்டும் ஒரு சுத்து சுத்தி நிக்கும். ஒரு ஆம்பளைக் குரல் ஹிந்தியில ரெண்டு வரி சொல்லும். அவ்வளவுதான் விளம்பரம்.

1980கள்ல குமரி மாவட்டத்துல சின்னப் பிள்ளைகளா இருந்த எங்களுக்கு அது பயமாவும் இருக்கும், பார்க்காம இருக்கவும் முடியாது. ஆள் இல்லாத பேன்ட் எப்படி நடக்குதுன்னு தூங்காம யோசிச்ச பிள்ளைகள் உண்டு. கம்பெனி பேரை இந்த வீடியோவுல சொல்லப் போறதில்ல. நான் பேச வந்தது அந்த பேன்ட்டுகளோட நிறத்தைப் பத்தி. அது கலர் பேன்ட் துணிக்கான விளம்பரம். ஆனா எங்க தெருவுல அதைப் பார்த்த ஒரு வீட்டுலயும் கலர் டி.வி. கிடையாது.

முதல்ல அந்த நடையை முடிச்சிடுவோம். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலத்துல இதுக்கு ஒரு பழைய வழி உண்டு. பின்னால கறுப்பு வெல்வெட் திரை கட்டி, நடக்குறவருக்கும் பேன்ட் தவிர தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்புத் துணி சுத்திடுவாங்க. வெல்வெட் வெளிச்சத்தைக் குடிச்சிடும், திருப்பி அனுப்பாது. கேமராவுக்கு பேன்ட் மட்டும்தான் தெரியும். நாடக மேடைக்காரங்களும் மந்திரவாதிகளும் இந்த வித்தையை சினிமாவுக்கு முன்னாலயே செஞ்சிருக்காங்க.

இனி நிறத்துக்கு வருவோம்.

[திரையில்: மாவட்ட வரைபடம். நாகர்கோவிலில் இருந்து வடமேற்கே ஒரு கோடு.]

தூர்தர்ஷன்ல விளம்பரம் ஆரம்பிச்சது 1976 ஜனவரி 1. கலர் ஒளிபரப்பு வந்தது 1982 ஆகஸ்ட் 15. மெட்ராஸ் நிலையம் 1975லயே வந்தாச்சு, ஆனா நமக்கு அதனால பிரயோஜனம் இல்ல. வெள்ளிக்கிழமை ஆனா தமிழ்நாடே ஒலியும் ஒளியும் பார்க்கும், நாகர்கோவில்ல அதைப் பத்திப் பேச்சு மட்டும்தான் வரும். நமக்குக் கிட்ட இருந்தது திருவனந்தபுரம். நாகர்கோவில்ல இருந்து 65 கிலோமீட்டர் சுமார். 1985 ஜனவரி 1ல அங்கே மலையாள ஒளிபரப்பு தொடங்கினதும் மாவட்டம் பூரா ஆன்டெனாக்கள் வடமேற்கைப் பார்த்துத் திரும்பிச்சு. 1956 நவம்பர் 1ல திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு தமிழ்நாட்டோட சேர்ந்த மாவட்டம், டி.வி. விஷயத்துல மறுபடியும் திருவனந்தபுரத்துப் பக்கம் சாஞ்சது. சித்ரகீதம் பார்த்து மலையாளப் பாட்டு பாடின ஒரு தலைமுறை நம்ம ஊர்ல இருக்கு.

ராத்திரி 8.40க்கு டெல்லி நிகழ்ச்சி ஆரம்பிக்கும். அப்பத்தான் பேன்ட் துணி விளம்பரங்கள் அணி அணியா வரும். 'ஒன்லி விமல்', கவாஸ்கர் வந்த தினேஷ், ரேமண்ட். எங்க பேன்ட்டும் அந்தக் கூட்டத்துல ஒண்ணு.

நான் பார்த்தது திங்கள்சந்தை பக்கத்துல சித்தப்பா வீட்டுல. கெல்ட்ரான் டி.வி. கேரள அரசு கம்பெனி செஞ்சது. ஷட்டர் கதவு வச்ச மரப்பெட்டி, அதுக்கு மேல எங்க பெரியம்மை, அதாவது பெரியம்மா, பின்னின வெள்ளை விரிப்பு. டி.வி. முன்னால ஒரு பிளாஸ்டிக் தாள் மாட்டியிருக்கும். இந்தத் தாளை மறந்தவங்களுக்காகச் சொல்றேன்: மேல நீலம், நடுவுல ரோஸ், கீழ பச்சை. வானம், முகம், புல்தரைன்னு கணக்கு. வெளியில எடுத்த காட்சி வந்தா ஓரளவு பொருந்தும். வீட்டுக்குள்ள எடுத்த காட்சின்னா எல்லாருக்கும் நெத்தி நீலம், கழுத்து பச்சை.

அந்தத் தாள் வழியா நாங்க பார்த்த பேன்ட்டுக்கு இடுப்பு நீலம், முட்டி ரோஸ், கணுக்கால் பச்சை. படியில இறங்க இறங்க ஒரே பேன்ட் மூணு நிறமும் மாறும். பெரியம்மை ஒருநாள் கேட்டா: "மக்களே, இந்த மாதிரி ஒரு துணிய எந்தத் தறியிலடே நெய்யிதான்?" வடசேரியில நெய்யுற கைத்தறி வேட்டியைப் பார்த்தே வளர்ந்தவ. அவளுக்கு அது நியாயமான சந்தேகம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் துணி எடுக்க சித்தப்பா எங்களைக் கோட்டாருக்குக் கூட்டிட்டுப் போனார். சவேரியார் கோயில் திருவிழா முடிஞ்ச நேரம், கடையில கால் வைக்க இடமில்ல. சித்தப்பா மகன், எனக்கு அண்ணன், நேரா கடைக்காரர் முன்னால போய் "அண்ணாச்சி, டி.வி.ல நடந்து வருமே, அந்த பேன்ட் பிட்டு இருக்கா?"ன்னு கேட்டான்.

"இருக்கு மக்கா. எந்தக் கலரு?"

அண்ணனுக்குப் பதில் வரல. கடைக்காரர் சுருளை ஒவ்வொண்ணா எடுத்து பெஞ்சுமேல உருட்டி விட்டார். மிளகாய்ப்பழச் சிவப்பு. பாட்டில் பச்சை. வெந்தயக் கலர். கத்திரிப்பூ. காப்பி. மயில்கழுத்து நீலம். டியூப் லைட் வெளிச்சத்துல அத்தனையும் மினுமினுன்னு கிடந்துச்சு. அண்ணன் சிவப்பைத் தொட்டான். சித்தப்பா "இதப் போட்டுட்டு பள்ளிக்குள்ள எப்படிலே ஏறுவ?"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். காப்பிக் கலர்ல ஒண்ணேகால் மீட்டர் வெட்டி வாங்கிட்டு டெய்லர் கடைக்குப் போனோம். ரெண்டு ப்ளீட், பாட்டம் 16 இன்ச்.

அந்த மினுமினுப்பு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பார்க்கணும். அதுவரைக்கும் நம்ம ஆம்பளைகளுக்கு இருந்தது வெள்ளை வேட்டி, சாரம்னு சொல்ற லுங்கி, ஆபீஸ் போறவங்களுக்கு காக்கியோ சாம்பலோ ஒரு பேன்ட். பருத்தியில கெட்டி நிறம் கிணத்தடியில அடிச்சுத் துவைக்கத் துவைக்க வெளுத்துப் போகும். பாலியெஸ்டர் நூல் தண்ணியை உறிஞ்சாது, அதனால பழைய சாயம் அதுல ஏறாது. அதுக்குன்னே உள்ள சாயத்தைத் தண்ணியில நுண்ணுருண்டையாக் கலந்து, மூடின பாத்திரத்துல அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரைக்கும் சூடாக்குவாங்க. அந்தச் சூட்டுல நூல் இளகி சாயத்தை உள்ள விட்டுக்கும். ஆறினா இறுகிடும், சாயம் உள்ளயே மாட்டிக்கும். சோப்பு போட்டு அடிச்சாலும் வெளிய வராது. நம்ம டெரிகாட்டன்ல இந்தப் பாலியெஸ்டர் மூணுல ரெண்டு பங்கு, மீதி பருத்தி. 1982ல மகாராஷ்டிராவுல பாதாள்கங்காங்கிற இடத்துல ரிலையன்ஸ் பாலியெஸ்டர் ஆலை ஓட ஆரம்பிச்சது, 1985ல புது ஜவுளிக் கொள்கை செயற்கை நூலுக்கு வழி திறந்து விட்டது. வெளுக்காத நிறம் மலிவாக் கிடைக்க ஆரம்பிச்சதும் அதைச் சொல்லி விக்க டி.வி. வேணும். டி.வி.யோ முக்கால்வாசி வீட்டுல கறுப்பு வெள்ளை.

சரி, உண்மையான நிறத்தை நான் எப்போ பார்த்தேன்? மார்த்தாண்டத்துல ஒரு கல்யாண வீட்டுல. மாப்பிள்ளை வீட்டு மாமா துபாய்ல இருந்து கலர் டி.வி. கொண்டுவந்திருந்தார். துபாயும் நாமளும் 'பால்' (PAL)ங்கிற ஒரே கலர் ஒளிபரப்பு முறை, அதனால பெட்டியைப் பிரிச்சு ஆன்டெனா குத்தினதும் படம் வந்துச்சு. அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்திருந்தா வந்திருக்காது, அங்கே முறையே வேற. நம்ம மாவட்டத்துல கலர் முதல்ல எட்டினது வளைகுடாவுல வேர்வை சிந்தினவங்க வீடுகளுக்குத்தான். அதை நான் மரியாதையோட சொல்றேன்.

விளம்பரம் வந்துச்சு. எங்க டி.வி.ல ரெண்டாவது பேன்ட்டும் நாலாவது பேன்ட்டும் ஒரே துணின்னு நினைச்சிருந்தோம், ரெண்டும் ஒரே சாம்பல். இங்க பார்த்தா ஒண்ணு சுத்தச் சிவப்பு, இன்னொண்ணு பச்சை. கடைசியில சுத்துறது கறுப்பு பேன்ட்னு சத்தியம் பண்ணியிருப்போம். அது நீலம். கண்ணைப் பறிக்கிற நீலம்.

[திரையில்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கட்டங்கள். மெல்ல நிறம் வடிந்து சாம்பலாகின்றன.]

காரணம் இதுதான். கலர் ஒளிபரப்பு வந்தாலும் பழைய கறுப்பு வெள்ளை டி.வி.யிலயும் படம் தெரியணும், யாரும் பெட்டியைத் தூக்கிப் போட முடியாது. அதனால சிக்னலை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒண்ணு வெளிச்சம், இன்னொண்ணு நிறம். கறுப்பு வெள்ளை டி.வி. வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கும். அந்த வெளிச்சத்தை மனுஷக் கண்ணோட கணக்குப்படி கலந்தாங்க. நம்ம கண்ணுக்குப் பச்சைதான் ரொம்பப் பிரகாசம், நீலம் ரொம்பக் கம்மி. வெள்ளைக்கு 100 மார்க்னா, முழுப் பச்சைக்கு 59, முழுச் சிவப்புக்கு 30, முழு நீலத்துக்கு வெறும் 11. நீல பேன்ட் கறுப்பா வந்தது அந்த 11னால. முழுச் சிவப்புக்கு 30. பச்சையைப் பாதியாக் குறைச்சா அதுக்கும் கிட்டத்தட்ட 30. ரெண்டு பேன்ட்டும் ஒரே சாம்பலாயிடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இருக்கு. 'பால்' முறையை 1960கள்ல ஜெர்மனியில டெலிஃபுங்கன் கம்பெனியோட வால்டர் ப்ரூக் உருவாக்கினார். அதுல நிறத்தோட சேதி தனிப் பாதையில வராது. வெளிச்ச சிக்னலுக்குள்ளயே, 4.43 மெகாஹெர்ட்ஸ்ல, ஒரு நுணுக்கமான அலையா ஒளிஞ்சு வரும். நல்ல சிக்னல் கிடைச்ச கறுப்பு வெள்ளை டி.வி.யில, கெட்டி நிறம் உள்ள இடத்துல மூக்கை ஒட்டி வச்சுப் பார்த்தா பொடிப்பொடியா புள்ளிகள் நடுங்குறது தெரியும். அந்த நடுக்கம்தான் நிறம். ஆக, சிவப்பும் பச்சையும் திங்கள்சந்தை வரைக்கும் வந்து அந்த கெல்ட்ரான் கண்ணாடியில நின்னுச்சு. பிரிச்செடுத்துக் காட்ட உள்ளே சர்க்யூட் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்ல சிக்னல்னு சொன்னேன். அதுவும் நம்ம ஊர்ல லேசில்ல. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து அடிச்சா ஆன்டெனா பைய பைய திரும்பிடும். ஒருத்தன் ஓட்டு மேல ஏறிப் பைப்பைத் திருப்ப, ஒருத்தன் முத்தத்துல நின்னு சத்தம் போட, உள்ள இருந்து சித்தி "வந்தாச்சு, விட்டுருங்க"ன்னு சொல்ல, கையை எடுத்ததும் போயிடும். கடலோரத்துல உப்புக்காத்து அலுமினியக் குழாயை அரிச்சிடும். குளச்சல் பக்கம் ஆன்டெனா மாத்துறது வீட்டுச் செலவுல ஒண்ணு. காத்து அடங்கின மாசி பங்குனி ராத்திரிகள்ல கடலுக்கு மேல சூடான காத்து ஒரு அடுக்காப் படியும். டி.வி. அலை அதுக்கும் கடலுக்கும் நடுவுல சிக்கி தூரமா வழுக்கிட்டு வரும். அப்போ ஆன்டெனாவைக் கிழக்கால திருப்பினா இலங்கை ரூபவாஹினி கிடைக்கும். பிதுருதலாகல மலைக் கோபுரம் நாகர்கோவில்ல இருந்து 400 கிலோமீட்டர் கிட்ட இருக்கு, சாதாரணமா அந்த அலை இங்க எட்டாது.

1995ல 'ரஃப் அண்ட் டஃப்' வந்துச்சு. ஜீன்ஸ் துணி, ஜிப், ரிவெட், பட்டன் எல்லாம் ஒரே பாக்கெட்டுல, உங்க டெய்லரே தைப்பார். துணி விளம்பரமும் டெய்லர் கடையும் கைகோத்த கடைசி நல்ல முயற்சின்னு எனக்குத் தோணும். அதுக்கப்புறம் ரெடிமேட்தான்.

இந்தப் பழைய விளம்பரங்கள் இப்போ எங்க இருக்கு? தூர்தர்ஷன் சேமிச்சு வச்சது நிகழ்ச்சிகள்ல ஒரு பங்கைத்தான். நடுவுல ஓடின விளம்பரத்தை யார் பத்திரப்படுத்துவா? அது மிஞ்ச வாய்ப்புள்ள இடம் நம்ம வீட்டுப் பரண். துபாய் டி.வி.யோட ஒரு வி.சி.ஆரும் வந்திருக்கும். 1987 உலகக் கோப்பை, 1987 ஜனவரியில தொடங்கின ஞாயித்துக்கிழமை ராமாயணம், இதையெல்லாம் கேசட்டுல பதிஞ்சவங்க உண்டு. பதியும்போது விளம்பரமும் சேர்ந்தே பதிஞ்சிருக்கு.

உங்க வீட்டுல அப்படிக் கேசட் இருந்தா இந்த மாசமே எடுத்துப் பாருங்க. ரெண்டு பருவமழை பெய்யுற மாவட்டம் இது, ஈரம் டேப்பை விடாது. கேசட்டோட கண்ணாடி வழியா டேப் விளிம்பைப் பாருங்க. வெள்ளையா மாவு படிஞ்சிருந்தா அது பூஞ்சை, அந்தக் கேசட்டை பிளேயர்ல போடவே போடாதீங்க. ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். வெயில்லயும் காயப் போடாதீங்க, தனியா ஒரு பைக்குள்ள வச்சு, டேப் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. நல்லா இருக்குற கேசட்டுக்கு முதுகுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைச்சு விட்டா தவறிப்போயும் மேல பதியாது. ஸ்பீக்கர் பக்கத்துல வைக்காதீங்க, படுக்கப் போடாம நிறுத்தி வைங்க.

கம்ப்யூட்டருக்கு மாத்திக் கொடுக்குறவர்கிட்ட ஒண்ணு கண்டிப்பாச் சொல்லுங்க. மேட்ச் மட்டும் போதும், ராமாயணம் மட்டும் போதும்னு அவங்களா விளம்பரத்தை வெட்டிடுவாங்க. வெட்டாம, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் முழுசாக் கேட்டு வாங்குங்க.