டர்போ காருக்கு எக்ஸாஸ்ட் மாத்துறதுக்கு முன்னாடி: 1.0 டிஎஸ்ஐ-யை வெச்சு ஒரு விளக்கம்

[காட்சி: லிஃப்ட்ல ஏத்தின போலோ, அடிப்பக்கம்]

ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல் இன்ஜின். 999 சிசி, மூணு சிலிண்டர், 110 பிஎஸ், 175 என்எம். இதே குடும்பத்து இன்ஜின்தான் விர்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் வண்டிகள்லயும் 115 பிஎஸ்-ஸோட வருது. அதனால இது அவங்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த இன்ஜினுக்கு "ஹெடர் போட்டுத் தர்றேன்"னு ஒரு கடையில சொன்னா, அங்கிருந்து கிளம்பிடுங்க. ஹெடர்ங்கிறது, சிலிண்டர்கள்ல இருந்து வர்ற புகையை ஒண்ணு சேர்க்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலா போடுற பைப். இதுல அந்த மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோட சேர்த்தே வார்த்தது. கழட்டி மாத்த அங்க தனியா ஒண்ணும் கிடையாது. ஹெட்டை ஒட்டி நேரா டர்போதான்.

[காட்சி: டர்போவுல ஆரம்பிச்சு பின் சைலன்சர் வரைக்கும் விரல் நகருது]

டர்போவுக்குக் கீழ, புகையில இருக்கிற விஷ வாயுவைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரோட இறங்குற துண்டு டவுன்பைப். அதுக்கப்புறம் நடுப் பைப், சத்தத்துல சில அதிர்வுகளை அடக்குற ரெசனேட்டர், கடைசியில சைலன்சர். டர்பைனுக்கு, அதாவது டர்போவுக்குள்ள புகையால சுத்துற சக்கரத்துக்கு, முன்னாடி இருக்கிற அழுத்தத்துக்கும் பின்னாடி இருக்கிற அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கோ, அவ்வளவுக்கு டர்போ சுறுசுறுப்பா சுத்தும். "கொஞ்சம் பேக் பிரஷர் (புகை வெளியேறுறதைத் தடுக்கிற எதிரழுத்தம்) இருந்தாதான் டார்க் வரும்"ங்கிற பேச்சு டர்போவுக்குப் பின்னாடி இருக்கிற பைப்புக்குப் பொருந்தவே பொருந்தாது.

அப்படின்னா டவுன்பைப் மாத்தினாலே பவர் கூடிடுமா? பெருசா கூடாது. இன்ஜினோட கம்ப்யூட்டரான இசியூ ஒரு டார்க் இலக்கு வெச்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி வேஸ்ட்கேட்டை, அதாவது புகையை டர்பைன்ல படாம திருப்பி விடுற கதவை, திறந்து மூடுது. வழி லேசானா ஸ்பூல், அதாவது டர்போ வேகம் எடுக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் வரும், இலக்கு அதேதான். இசியூ சாஃப்ட்வேரை மாத்துற டியூனோட சேர்த்துப் போட்டாதான் டவுன்பைப்புக்குக் கொடுத்த காசு தெரியும். பின் சைலன்சர் மட்டும் மாத்தினா மாறுறது சத்தம்தான். சத்தத்துக்காக மாத்துறது தப்பில்லை, ஆனா பவர்னு நம்பி வாங்காதீங்க.

விட்டம் விஷயத்துல 3 இன்ச் ஆசை வேண்டாம். ஸ்டாக் வண்டிக்கும் சாதாரண டியூனுக்கும் 2.25 இன்ச், அதாவது 57 மில்லிமீட்டர், தாராளம். 2.5 இன்ச் 200 பிஎஸ் வண்டிக்கே போதும். 3 இன்ச் போட்டா எடை கூடும், ஸ்பீடு பிரேக்கர்ல அடி வாங்கும், கேபின்ல ட்ரோன், அதாவது விடாம ரீங்கரிக்கிற இரைச்சல், ஏறும்.

[காட்சி: திரையில 60 ஹெர்ட்ஸ் கோடு]

இந்த ட்ரோனைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. போட்டவங்க ஒரு மாசத்துல கழட்டுறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூணு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ஒன்றரை தடவை வெடிக்கும். 2,400 ஆர்பிஎம்-ல அது நொடிக்கு 60 தடவை. ஹைவேல ஒரே சீரா ஓட்டும்போது அந்த 60 ஹெர்ட்ஸ் காதை அடைக்கும். இதை அடக்கப் பக்கவாட்டுல மூடின ஒரு பைப்பை வெல்ட் பண்ணுவாங்க, ஜே-பைப்னு பேர். நீளக் கணக்கு: எக்ஸாஸ்ட் வாயுவுல ஒலியோட வேகத்தை, அடக்க வேண்டிய ஹெர்ட்ஸோட நாலு மடங்கால வகுக்கணும். வாயு 280 டிகிரியில இருந்தா வேகம் நொடிக்குச் சுமார் 470 மீட்டர். 470-ஐ 240-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 2 மீட்டர் பைப். ஒரு ஹேட்ச்பேக் அடியில அதுக்கு எங்க இடம்? நாலு சிலிண்டர் வண்டியில 3,000 ஆர்பிஎம்-ல 100 ஹெர்ட்ஸ், அங்க 1.2 மீட்டர்ல முடிஞ்சிடும். அதனால மூணு சிலிண்டருக்கு எங்க சிபாரிசு: ரெசனேட்டரை எடுக்காதீங்க, பின் சைலன்சர் கொள்ளளவு பெருசா இருக்கட்டும்.

கன்வெர்ட்டரையும் எடுக்காதீங்க. எடுத்தா கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைங்கிற பி0420 எரர் கோடு வரும், பியூசி புகைச் சோதனையில மாட்டும், பின்னால வர்றவங்க மூச்சுல விஷம் போகும். அந்த எரர் கோடை மறைக்க, ஆக்சிஜன் சென்சரைப் பைப்புல இருந்து தள்ளி வைக்கிற ஸ்பேசர் போடுறது ஏமாத்து வேலை. வழி லேசாகணும்னா 200 செல் (சதுர இன்ச்சுக்கு 200 ஓட்டை) மெட்டாலிக் கன்வெர்ட்டர் போடுங்க, நல்ல தயாரிப்பா. மலிவானதுல உள்ள இருக்கிற தேன்கூடு பிஞ்சு சைலன்சர் வாயை அடைச்சிடும். ஒலி, புகை மீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ல 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறை, லைசென்ஸ் 3 மாசம் முடக்கம்னு இருக்கு.

[காட்சி: ரெண்டு பைப் துண்டு, காந்தம், சொட்டு பாட்டில்]

ஸ்டீல்ல 304 கேளுங்க, சுவர் கனம் 1.5 மில்லிமீட்டர். காந்தம் ஒட்டலைங்கிறதை மட்டும் வெச்சு நம்பிடாதீங்க, 202-லயும் ஒட்டாது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியால தொட்டா 202 சிவக்கும். அடுத்தது வெல்டிங். டிக் (TIG) வெல்டிங் பண்ணும்போது பைப்புக்குள்ள ஆர்கான் வாயு விடணும். விடலைன்னா உள்பக்கம் கருகின சர்க்கரை மாதிரி பொருமி நிக்கும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். வளைவுகள் மாண்ட்ரல் வளைவா, உள் விட்டம் குறையாம இருக்கணும். மூணு சிலிண்டர் இன்ஜின் நல்லாவே ஆடும், அந்த ஆட்டத்துக்கு வளைஞ்சு கொடுக்கிற ஃப்ளெக்ஸ் ஜாயின்ட் இல்லாத டவுன்பைப், போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்சுல கிழியும்.

ஆக்சிஜன் சென்சர் உட்காரும் இடம் எம்18×1.5 மரை. அது பைப்போட மேல்பாதியில, கடிகாரத்துல 10-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கணும். கீழ வெச்சா காலையில தேங்குற தண்ணி பட்டு உள்ளே இருக்கிற செராமிக் வெடிக்கும்.

பூட்டும்போது டர்போ நட்டும் கேஸ்கெட்டும் புதுசு போடுங்க. எல்லா கிளாம்பையும் லூசா மாட்டி, ரப்பர் தொங்கல்கள்ல பாரம் சமமா விழுந்த பிறகு, டர்போ பக்கத்துல ஆரம்பிச்சு இறுக்குங்க. ஒரு 150 கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஆறின இன்ஜின்ல மறுபடி டார்க் ரெஞ்ச் வைங்க. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் நின்னா, சரியாயிடுச்சுன்னு விடாதீங்க. உலோகம் விரிஞ்சு இடைவெளியைத் தற்காலிகமா மூடியிருக்கு. அந்தக் கசிவு முன் ஆக்சிஜன் சென்சருக்கு முன்னாடி இருந்தா, வெளிக்காத்து உள்ள போய் இசியூ தப்பா பெட்ரோலைக் கூட்டும். கேஸ்கெட்டை உடனே மாத்துங்க.